முக்கோணத்தைத் தட்டினால் சிம்பல் ஒலித்த கதை

நான்கு நாள் போராடி நேற்றிரவுதான் சரியானது. ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் ஒன்றுக்காகத் தாளக்கருவி ஸாம்பிள் லைப்ரரியை (நிஜக் கருவிகளின் ஒலிப்பதிவுத் தொகுப்பு) இசைக்குறிப்பு எழுதும் நோட்டேஷன் மென்பொருளில் இணைத்தேன். பேஸ் டிரம் எழுதினால் சத்தமே இல்லை. சிம்பல் எழுதினால் பேஸ் டிரம் அதிர்ந்தது, முக்கோணம், அதாவது டிரையாங்கிள் எழுதினால் சிம்பல்.

லைப்ரரியை அழித்து மீண்டும் நிறுவினேன், அதற்கே ஒரு நாள் போனது. பிறகு மிடி (இசை மென்பொருள்களும் கருவிகளும் பேசிக்கொள்ளும் முறை) சேனலை 10-க்கு மாற்றினேன். தாளக்கருவிக்கு 10 என்பது ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தின் வழக்கம், இந்த லைப்ரரிக்குத் தேவையே இல்லை.

கடைசியில் மென்பொருளில் நடு 'சி'யை மட்டும் எழுதி ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டையின் மிடி எண் 60, பெயர் சி4. லைப்ரரியை ஒலிக்கவைக்கும் பிளக்-இன் திரையில் அதே கட்டைக்கு சி3 என்று பெயர்! இரண்டு பெயரிடும் முறையும் புழக்கத்தில் உண்டு. கையேடு பேஸ் டிரம்முக்கு 'சி1' என்றது, அதாவது 36. என் மென்பொருளில் சி1 என்றால் 24. அந்த இடத்தில் ஸாம்பிளே கிடையாது. எல்லாமே 12 கட்டை கீழே இறங்கியிருந்தது. எந்தக் கருவிக்கு எந்தக் கட்டை என்று சொல்லும் தாளக்கருவி வரைபடத்தில் பெயர்களை விட்டுவிட்டு எண்களைப் போட்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் ஒலித்தன.

சிம்பல் ரோல் (சிம்பலை இடைவிடாமல் வேகமாகத் தட்டுவது) மட்டும் அப்போதும் ஊமை. அதன் ஒலியளவு அடிக்கும் வேகத்தைப் பார்ப்பதில்லை, மாடுலேஷன் வீலை, அதாவது சிசி 1 என்ற மிடி கட்டுப்பாட்டைப் பார்க்கிறது. ரோலுக்கு மட்டும் டைனமிக்ஸை (ஒலியின் ஏற்ற இறக்கத்தை) சிசி 1-க்குத் திருப்பியதும் பியானிசிமோ என்னும் மிக மெல்லிய ஒலியிலிருந்து அழகாக எழுந்து வந்தது.