ஜிஞ்சர் பீர் கசப்புக்கு காரணம் இஞ்சி இல்லை

ஏற்காடு ஆரஞ்சு போட்டு வீட்ல ஜிஞ்சர் பீர் (இஞ்சி, சர்க்கரை போட்டு புளிக்க வைக்கிற கேஸ் பானம்) போடறது எனக்கு பழக்கம், ஆனா இந்த தடவை மூணு பேட்ச் வீணாப் போச்சு. காய்ச்சின அன்னிக்கு ஊத்தி பாத்தா அருமையா இருக்கும், நாலாம் நாள் பாட்டில திறந்தா நாக்குல வேப்பிலை தேச்ச மாதிரி கசப்பு.

முதல்ல இஞ்சி மேல சந்தேகம், ரெண்டு லிட்டருக்கு 50 கிராம் போட்டத 30 ஆக்கினேன், காரம்தான் போச்சு. அப்புறம் நாட்டுச்சர்க்கரைய விட்டுட்டு வெள்ளைச் சர்க்கரை, அதுவும் இல்ல. சரி இனிப்பு பத்தலையோன்னு 200 கிராம 300 ஆக்கினா ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கல்லு மாதிரி உப்பிப்போச்சு, மூடிய திறந்ததும் பாதி சுவத்துல. (கண்ணாடி பாட்டிலா இருந்திருந்தா அவ்ளோதான். சேலம் வெயில்ல கேஸ் வேகமா ஏறும்.)

அப்பதான் உறைச்சுது. ஈஸ்ட் (புளிக்க வச்சு கேஸ் உண்டாக்கற நுண்ணுயிர்) சர்க்கரைய தின்னுடுது, கசப்ப தொடறதில்ல. முதல் நாளே கசப்பு இருக்கு, இனிப்பு மூடி வச்சிருக்கு.

கசப்பு எங்கேர்ந்துன்னு பாத்தா, ஆரஞ்சு தோல உள்பக்க வெள்ளையோட சேத்து 20 நிமிஷம் கொதிக்க விட்டிருக்கேன். இப்ப மேல் தோல மட்டும் கேரட் துருவில லேசா சீவி, அடுப்ப அணைச்ச பிறகுதான் போடறேன். சர்க்கரை போடறதுக்கு முன்னாடியே ஒரு ஸ்பூன் ருசி பாக்கறேன், அப்ப கசந்தா நாலாம் நாளும் கசக்கும். ஆறினதும் எலுமிச்சை சாறும் இஞ்சி ஸ்டார்ட்டரும் (இஞ்சி, சர்க்கரை, தண்ணி கலந்து முன்னாடியே புளிக்க வச்சது, ஈஸ்ட் இதுலதான் இருக்கு) சேக்கறேன். சர்க்கரை பழைய 200 கிராமே போதும்.