அரசுக் கடன் நெருக்கடியும் சந்தையின் பீதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை இரவு, கடன் வாங்குவோரின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரக்குறியீட்டை ஏஏஏ என்ற உச்ச நிலையிலிருந்து ஏஏ பிளஸ் ஆகக் குறைத்தது. தரம் குறைந்தால், அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரத்தின் விலையும் சரியும் என்று கணக்குப் போட்டவர்கள் திங்கட்கிழமை ஏமாந்தார்கள். அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 634 புள்ளிகள் வீழ்ந்தது. ஆனால் பங்குகளை விட்டு ஓடிய பணம், தரம் குறைக்கப்பட்ட அதே அரசுப் பத்திரங்களில்தான் போய் ஒதுங்கியது. பத்தாண்டுப் பத்திரத்தின் விலை ஏறி, அந்த விலையில் வாங்குபவருக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம் சுமார் 2.6 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாக இறங்கியது. கடன் யாருடையதோ அவர் பத்திரத்தில்தான் அடி விழும் என்று எண்ணுவதே முதல் தவறு.

அன்று விக்ஸ் குறியீடு 48-இல் முடிந்தது. அடுத்த முப்பது நாட்களில் எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கப் பங்குக் குறியீடு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளிலிருந்து கணிப்பதே அதன் வேலை. எந்தத் திசையில் என்று அது சொல்வதில்லை. அதைச் சரிவின் முன்னறிவிப்பாகப் படித்து அன்றே விற்றவர்கள், எஸ் அண்ட் பி 500 அந்த ஆண்டைத் தொடங்கிய 1,257 புள்ளிகளிலேயே முடித்ததைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இதனால் பீதியில் வாங்கினால் எப்போதும் லாபம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது: ஏதென்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு 2009 அக்டோபருக்கும் 2012 ஜூனுக்கும் இடையே ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கரைந்தது.

கடனின் அளவை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஜப்பானின் கடன் பொருளாதார உற்பத்தியோடு ஒப்பிடுகையில் கிரேக்கத்தினுடையதைவிட மிக அதிகம். ஆனால் அது சொந்த நாணயத்தில், பெரும்பாலும் உள்நாட்டிலேயே வாங்கிய கடன். கிரேக்கமோ தான் அச்சிட முடியாத யூரோவில் கடன்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, 2009 அக்டோபரில் பதவியேற்ற புதிய அரசு, பற்றாக்குறை முன்பு சொன்னதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் என்று ஒப்புக்கொண்டது. கடனைவிடக் கணக்கின் மீதான நம்பிக்கை போனதுதான் முதலீட்டாளர்களை அதிகம் மிரட்டியது என்பது என் கருத்து.

சொந்த நாணயம் இருந்தால் போதும் என்பதையும் பிரிட்டன் பொய்யாக்கியது. 2022 செப்டம்பர் 23 அன்று, பணம் எங்கிருந்து வரும் என்று விளக்காமலே நிதியமைச்சர் குவாசி குவார்டெங் பெரும் வரிக் குறைப்பை அறிவித்ததும், நீண்டகாலப் பத்திரங்களின் விலை சரிந்தது. 4 சதவீத வட்டி தரும் 1,000 பவுண்ட் முகமதிப்புள்ள முப்பதாண்டுப் பத்திரத்துக்குச் சந்தை 5 சதவீதம் கேட்கத் தொடங்கினால், அதன் விலை சுமார் 846 பவுண்டாகிவிடும். கடன் வாங்கி இவற்றில் முதலீடு செய்திருந்த ஓய்வூதிய நிதிகளிடம் அந்தக் கடனுக்குக் கூடுதல் பிணை கேட்கப்பட, அவை பத்திரங்களையே விற்க, விலை மேலும் விழுந்தது. 28-ஆம் தேதி பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட்டுப் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று.

என்னிடம் அரசுப் பத்திரம் இல்லையே என்று நிம்மதியடைவோரும் உண்டு; அதுவும் தவறுதான். 2012 மார்ச்சில் கிரேக்கப் பத்திரங்களின் முகமதிப்பு 53.5 சதவீதம் வெட்டப்பட்டபோது, அவற்றை நிறைய வைத்திருந்த சைப்ரஸ் வங்கிகள் பெருநஷ்டமடைந்தன. மறு ஆண்டு, பாங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போட்டிருந்தவர்களின் கூடுதல் வைப்புத்தொகையில் 47.5 சதவீதம் வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது.