சோலார் பேனலுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பேனல் மொட்டை மாடியில், பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் சார்ஜரும் ஒரே பெட்டியில் இருப்பது) கீழே ஹாலில், நடுவில் 15 மீட்டர். பேனலோடு வரும் ஒயர் அதில் கால்வாசிகூட எட்டாது. அதனால் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், "அண்ணே, இந்த ஒயர் பத்து ஆம்பியர் தாங்குமா?" என்று கேட்போம். தாங்கும் என்பார். பொய்யில்லை, 230 வோல்ட் வேலை பார்ப்பவர் அப்படித்தான் பதில் சொல்வார். ஆனால் பேனல் தரும் 18 வோல்ட்டில் அந்தக் கேள்வியே தப்பு. ஒயர் சூடாகாமல் தாங்குவது வேறு, அந்தக் கடைசியில் எத்தனை வோல்ட் மிஞ்சும் என்பது வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 100 வாட் பேனல் இரண்டை பாரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட், 11 ஆம்பியர். கடையில் 40/76 என்று கொடுக்கும் ஃபிளெக்ஸ் ஒயரில் இழை நாற்பது, எல்லாம் சேர்ந்தும் 1.2 சதுர மில்லிமீட்டருக்குள்தான். தூரம் 15 மீட்டர் என்றாலும் கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டுமே, ஆக ஒயர் 30 மீட்டர் (பலரும் மறக்கும் இடம் இதுதான்). ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 0.45 ஓம், அதை 11ஆல் பெருக்கினால் 5 வோல்ட் வழியிலேயே காலி. ஐம்பது வாட்டுக்கு மேல் ஒயரைச் சூடாக்கவே போகிறது. அதோடு பேனலில் போட்டிருக்கும் 18 வோல்ட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மத்தியான வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டி, வோல்ட்டேஜ் 15, 16 என்று இறங்கிவிடும். அதிலும் 5 போனால் 12 வோல்ட் பேட்டரியே ஒழுங்காக ஏறாது. பவர் ஸ்டேஷனோ சார்ஜ் ஆவதும் நிற்பதுமாக இருக்கும், நாம் பேனல் டூப்ளிகேட் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போவோம்.

4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள் போட்டால் அதே தூரத்துக்கு இழப்பு 1.6 வோல்ட் அளவில் நின்றுவிடும். அதைவிட நல்ல வழி, இரண்டு பேனலையும் சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு) இணைப்பது: 36 வோல்ட், 5.5 ஆம்பியர், இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. ஆனால் அதற்கு முன் பவர் ஸ்டேஷனின் சோலார் இன்புட் எத்தனை வோல்ட் வரை என்று பாருங்கள். லோடு இல்லாதபோது ஒரு பேனலே 22 வோல்ட் காட்டும், இரண்டும் சேர்ந்தால் 44, குளிர்ந்த காலையில் இன்னும் இரண்டு மூன்று கூடும். 30 வோல்ட்டுக்கு மேல் ஏற்காத சின்னப் பெட்டியில் இதைச் செருகினால் சார்ஜர் போர்டு போய்விடும். இன்னொன்று, சீரிஸில் ஒரு பேனல் மேல் தண்ணீர் டேங்க் நிழல் விழுந்தாலும் மற்றதும் சேர்ந்து படுத்துவிடலாம்.

சரி, கேபிள் வாங்கும்போது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. ஓர் இழையை உருவி பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம், வேண்டாம். நல்ல சோலார் கேபிள் இதற்கு நேர்மாறு, ஈயம் பூசியது போல வெளியே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் சிவப்பு. வெள்ளையாக இருக்கிறதே என்று பயந்து நல்லதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மேலுறையில் சோலார் கேபிளுக்கான தர எண், ஐஎஸ் 17293 அல்லது ஈஎன் 50618 என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்குப் போடும் சாதாரண பிவிசி ஒயர் தொடர்ந்து வெயிலில் கிடந்தால் விறைத்து வெடித்துவிடும்.

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று த்ரீ பின் பிளக், சாக்கெட்டை பேனல் லைனுக்குப் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேறு யாராவது அந்த பிளக்கைச் சுவரில் செருகினால் 230 வோல்ட் நேராக பேனலுக்கோ பெட்டிக்கோ போகும். பேனல் ஒயரின் முனையில் வரும் எம்சி4 கனெக்டரே போடுங்கள். அதையும் கட்டிங் பிளேயரால் நசுக்கி விடாமல், அதற்கென்று இருக்கும் கிரிம்பிங் டூலால் அழுத்தி, பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். லூசாக இருந்தால் முதலில் உருகுவது அந்த இடம்தான். ஒரு ஒயரின் ஒரு முனையில் ஆண், மறுமுனையில் பெண் என்று வந்தால்தான் எக்ஸ்டென்ஷன். இரண்டு முனையிலும் ஒரே வகையை மாட்டிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. வேறு வேறு கம்பெனி கனெக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று டக்கென்று நுழைந்தாலும் உள்ளே சரியாகப் பிடிக்காமல் சூடாகலாம், ஒரே கம்பெனி ஜோடியாக வாங்குங்கள்.

பெட்டியில் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மைனஸ் குறி வந்தால் துருவம் (பிளஸ், மைனஸ்) மாறியிருக்கிறது. சிவப்பு, கறுப்பை மட்டும் நம்ப முடியாது, ரெடிமேட் அடாப்டரிலேயே மாறி வருவதுண்டு. அப்புறம், வெயில் அடிக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் எம்சி4ஐ அப்படியே பிடுங்காதீர்கள். டிசியில் பொறி விழுந்தால் ஏசி போல உடனே அணையாது, முனை கருகிவிடும். பேனலைக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் கெட்டியான போர்வையால் மூடிவிட்டுப் பிரியுங்கள்.

பவர் ஸ்டேஷன் இல்லாமல் தனி பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் கரண்டைச் சீராக்கி பேட்டரிக்கு ஏற்றுவது) வைத்திருப்பவர்கள் நீளத்தை பேனல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், பேட்டரியின் பிளஸ்ஸை ஒட்டியே ஒரு ஃபியூஸும் போட்டுவிடுங்கள்.