சிகரெட் ஆசை வரும்போது செய்யக்கூடாதவை

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்னால் என்ன ஆகும்? குரங்குதான் வந்து உட்காரும். சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் பலர் செய்வது இதைத்தான்: "அதைப் பத்தி நினைக்கவே கூடாது." 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். அவருடைய சோதனையில் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது.

சரி, வேறென்ன செய்வது? ஆசையை விரட்டாமல் வேடிக்கை பாருங்கள். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை அலைமேல் சறுக்கிச் செல்வதோடு ஒப்பிட்டார். ஆசை உடம்பில் எங்கே தெரிகிறது? தொண்டை வறட்சியா, விரல்களின் பரபரப்பா, நெஞ்சில் ஒரு இறுக்கமா? மூச்சை மெதுவாக விட்டபடி அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அலை இறங்கிவிடும். "இப்போது அடிக்காவிட்டால் இது ஏறிக்கொண்டே போகும்" என்ற பயம்தான் நம்மைக் கடைக்கு இழுத்துப் போகிறது.

அடுத்த தவறு, மன உறுதியை நம்பி அதே டீக்கடையில் அதே நண்பர்களோடு நிற்பது. கையில் டீ, பக்கத்துப் பெட்டிக்கடையில் புகைந்து தொங்கும் கயிறு, உதிரியாக ஒரு சிகரெட் வாங்கும் வசதி. இதற்கு நடுவே உறுதி எவ்வளவு நேரம் தாங்கும்? "அடிக்க மாட்டேன்" என்ற பொதுவான சபதத்தைவிட, "டீ கைக்கு வந்ததும் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது மேல். இடமும் செயலும் தெளிவாக இருந்தால், அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

காபி விஷயம் பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை, உடல் காஃபீனை வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தினால் அதே இரண்டு டம்ளர் காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். அதையும் சிகரெட் ஏக்கம் என்றே எண்ணிவிடுகிறோம். காபியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மனதாலேயே ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம். சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிகோட்டின் கம் எடுப்பது தோல்வி அல்ல. ஆனால் அதைச் சாதாரண சூயிங்கம் போல் விடாமல் மெல்லக் கூடாது. கொஞ்சம் மென்று, கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கி வைக்க வேண்டும். சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச ஆலோசனைக்கான எண்தான்.

எனக்குத் தெரிந்து, பலரைக் கவிழ்ப்பது அந்த ஒற்றைச் சிகரெட் அல்ல, அதற்குப் பின் வரும் பேச்சு. "முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?" என்று அன்றைக்கே ஒரு பெட்டி காலி. மார்லட் இந்த மனநிலையைத் தனியாகவே ஆராய்ந்தார். வழுக்கியது ஒரு தடவைதான். மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு, எந்த இடத்தில், யாரோடு, என்ன மனநிலையில் பற்றவைத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆசையும் அநேகமாக அங்கேதான் காத்திருக்கும்.