ஹேண்ட் பிரேக் நட்டை முறுக்குவதற்கு முன்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதியைத் தாண்டுவதற்குள் என் காருக்குள் கருகல் வாடை ஏறிவிட்டது. இரண்டாம் கியரில் என்ஜின் பிடிப்பிலேயே இறங்கிக்கொண்டிருந்ததால் பிரேக்கை அதிகம் மிதிக்கவும் இல்லை. ஓரமாக நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். இடது பின்சக்கரத்திலிருந்து மட்டும் அனல் அடித்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஹேண்ட் பிரேக் மிகவும் மேலே வந்து பிடிக்கிறது என்று ஒரு பணிமனையில் விட்டு, லிவருக்கு அடியில் இருக்கும் நட்டை இறுக்கி வாங்கியிருந்தேன்.

ஹேண்ட் பிரேக்கில் குறை என்றதும் எல்லோருடைய கையும் அந்த நட்டுக்குத்தான் போகிறது. சீட்டுகளுக்கு நடுவிலேயே இருக்கிறது, ஒரு ஸ்பேனர் போதும், ஐந்து நிமிடத்தில் லிவர் கீழேயே பிடிக்கத் தொடங்கிவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அந்த நட்டு கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஏன் என்று புரிய, பின்சக்கரக் கேலிப்பருக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை இருபுறமும் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் கவ்விக்குள், என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள பல கார்களில் ஒரே கேலிப்பர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காலால் மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. கையால் லிவரை இழுக்கும்போது கேபிள் வந்து கேலிப்பரின் முதுகில் இருக்கும் ஒரு சிறிய நெம்புகோலைத் திருப்புகிறது. உள்ளே இருக்கும் திருகுத் தண்டு அதே பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் தேயத் தேய அந்தத் தண்டு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு இடைவெளியை ஈடு செய்யும். அந்தத் தானியங்கிச் சரிசெய்தல் நடக்க ஒரு நிபந்தனை உண்டு: கேலிப்பரின் நெம்புகோல், ஹேண்ட் பிரேக்கை விட்டதும், தன் நிறுத்தக் கட்டை வரை முழுவதும் திரும்பி வந்து படிய வேண்டும்.

நட்டை முறுக்கினால் அது படியாது. கேபிள் எந்நேரமும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும். உள்ளே சரிசெய்தல் நின்றுபோகும், பேட் தேயும், லிவர் மறுபடி மேலே ஏறும், மறுபடி முறுக்குவார்கள். இப்படி மூன்று முறை முறுக்கப்பட்ட கேபிள்களைப் பார்த்திருக்கிறேன்; நட்டில் திருப்புவதற்கு மரையே மிச்சம் இருக்காது. உடனே “கேபிள் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும்” என்பார்கள். எஃகுக் கம்பி அவ்வளவு எளிதில் நீள்வதில்லை.

வண்டியில் என்ன வகை பிரேக் இருக்கிறது என்று தெரியாமல் வேலையைத் தொடங்குவதும் ஒரு தவறு. நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பின்னால் டிரம்தான்; அங்கே முதலில் டிரம் என்ற சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, பிறகுதான் கேபிளுக்கு வர வேண்டும். சில வண்டிகளில் வெளியே டிஸ்க் இருக்கும், ஆனால் ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் அந்த டிஸ்க்கின் நடுக்குழிக்குள் தனியாக ஒரு சிறிய டிரம் இருக்கும். அங்கே கேலிப்பரை மாற்றி ஹேண்ட் பிரேக் சரியாகாது. பட்டனை அழுத்திப் போடும் மின்சார ஹேண்ட் பிரேக் இன்னொரு வகை. அதில் பெரும்பாலும் கேலிப்பரோடு சேர்ந்த மோட்டார்தான் திருகுத் தண்டைச் சுழற்றுகிறது. காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை இணைத்து, பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றி, மோட்டாரைப் பின்வாங்கச் செய்யாமல் பிஸ்டனை அழுத்தினால் உள்ளிருக்கும் பற்கள் உடையலாம். ஸ்கேனர் இல்லாதவர்கள் அந்த வகையைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பொருள் வாங்குவது

இந்தத் தவறை நானும் செய்தேன். மலையிலிருந்து இறங்கி வந்ததும், கேலிப்பர் ஜாம் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். இரண்டு பக்கமும் புதிதாக வாங்கிப் போட்டேன். இரண்டே வாரத்தில் அதே சக்கரம் மறுபடி சூடானது. குற்றவாளி கேபிள், அதன் மேலுறை சக்கரத்துக்கு அருகில் வளையும் இடத்தில் வெடித்து, மழைநீர் இறங்கி, உள்ளே கம்பி துருவேறியிருந்தது. இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. கழற்றிய பழைய கேலிப்பர்களில் ஒரு குறையும் இல்லை.

சோதனைகள் எளிமையானவை, வரிசைதான் முக்கியம். சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளின் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். இந்த வேலையில் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் வண்டியை நிறுத்திப் பிடிக்க வேண்டிய ஹேண்ட் பிரேக்கையே கழற்றப் போகிறீர்கள். முன்சக்கர இயக்கம் உள்ள காரில் கியரைப் போட்டு வைத்தால் முன்சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும். பின்சக்கர இயக்கம் என்றால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க நியூட்ரல் வேண்டும், கட்டைதான் முழுப் பாதுகாப்பு.

இப்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க்கில் லேசாக உரசும் ஒலி இயல்பு. கை வலிக்கச் சுற்ற வேண்டியிருந்தால், கேலிப்பரின் நெம்புகோலைப் பாருங்கள். அது தன் நிறுத்தக் கட்டையில் படியவில்லையா? கேபிளை அதிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய உடனே நெம்புகோல் ‘டக்’ என்று திரும்பிவந்தால் கேலிப்பர் நல்லது, பழி கேபிள் மீது. கழற்றிய பிறகும் அது நடுவிலேயே நின்றால், நெம்புகோல் சுழலும் தண்டில் துரு ஏறியிருக்கிறது. அங்கே கேலிப்பர்தான் காரணம்.

நெம்புகோல் ஒழுங்காகப் படிந்திருந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் அடுத்த படி. கேலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சிறு திருகான ஆயில் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் வந்து, சக்கரம் உடனே விடுபட்டால், ஆயிலின் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருந்தது என்று பொருள். பல நேரங்களில் காரணம், கேலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் பழைய ரப்பர் ஹோஸ். வெளியே புதிது போலத் தெரியும், உள்சுவர் வீங்கி ஒருவழிக் கதவாக மாறியிருக்கும். இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்தே இறுகியிருந்தால் பெடலை மிதிக்கும்போது ஆயிலில் அழுத்தம் உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் காரணம் பிஸ்டன், அல்லது கேலிப்பர் பக்கவாட்டில் வழுக்கி நகர உதவும் உலோகத் தண்டுகளான பின்கள். இதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தைச் செலவழித்திருந்தால் எனக்கு இரண்டு கேலிப்பர்களின் விலை மிச்சமாகியிருக்கும்.

பேட் தேய்ந்த விதத்தை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்வதும் சரியில்லை. உள்பக்கப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் ஜாம் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். பின்கள் ஒட்டிக்கொண்டாலும் அதேபோலத் தேயலாம். கேலிப்பரைக் கையால் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். பின்கள் நன்றாக இருந்தால் அது வழுக்கிக்கொண்டு போகும்.

பிஸ்டனை அழுத்துவது, பின்னுக்குக் கிரீஸ் போடுவது

புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முன்சக்கரத்தில் செய்து பழகியவர்கள் பின்னாலும் சி வடிவக் கிளாம்ப் வைத்து அழுத்துவார்கள். ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்த கேலிப்பரில் இதைச் செய்யக் கூடாது. உள்ளே திருகுத் தண்டு இருப்பதால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுழற்றிச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். வலுவாக அழுத்தினால் திருகின் நுண்மையான பாகங்கள் நசுங்கி, அந்தக் கேலிப்பரில் ஹேண்ட் பிரேக் பிறகு சரியாகப் பிடிக்காது. பல வண்டிகளில் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் எதிர்ச்சுற்று. திருகத் திருக உள்ளே போகவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு, வண்டியின் கையேட்டைப் பாருங்கள். திருகும்போது தூசு மறைக்கும் ரப்பர் பூட் முறுக்கிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். கடைசியில் பிஸ்டன் முகத்தில் இருக்கும் வெட்டுக்குழி, பேட்டின் முதுகில் இருக்கும் சிறு முனைக்கு நேராக நிற்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முனை குழியில் உட்காராவிட்டால் பேட் சாய்ந்து தேயும், பிஸ்டன் சுழன்று சரிசெய்தலும் கெடும்.

பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலே தொட்டிக்குத் திரும்பும். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடும். முன்பே கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸைக் கேலிப்பர் பின்னுக்குப் போடாதீர்கள். கேலிப்பரின் ரப்பர் பாகங்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வழுக்க வேண்டிய பின் சில மாதங்களில் உறைக்குள் ஆப்பு அடித்தது போல நின்றுவிடும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் சிறு குப்பியில் கிடைக்கிறது, அது போதும். இதே காரணத்துக்காகக் கேலிப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. பணிமனைகளில் தகர டப்பாவில் பெட்ரோல் ஊற்றி எல்லாவற்றையும் முக்கி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அதற்காகவே இருக்கிறது. ஜாம் ஆன நெம்புகோலுக்குத் துரு நீக்கும் எண்ணெயை அடித்து அசைத்து விடுவதும் நிலைக்காது. நான்கு நாள் நன்றாக இருக்கும், பிறகு திரும்ப ஒட்டும். எண்ணெய்த் துளி பேட்டில் பட்டுவிட்டால் அந்தப் பேட்டும் வீண்.

கழற்றிய கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். பேட் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதி மூச்சில் இழுக்காதீர்கள். சூடேறி நீலம் பாய்ந்த டிஸ்க்கையும், முகம் கண்ணாடி போலப் பளபளக்கும் பேட்டையும் திரும்பப் போடாதீர்கள். டிஸ்க்கின் ஓரத்திலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். அளந்து பார்ப்பது நல்லது. பேட்டை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இடது வலது மாறினால்

கேலிப்பரையே மாற்றும்போது நடக்கும் ஒரு தவறு, மணிக்கணக்கில் ஆளை அலைக்கழிக்கும். இடது கேலிப்பரும் வலது கேலிப்பரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சில வண்டிகளில் மாற்றிப் பொருத்தினாலும் பொருந்தும். ஆனால் ஆயில் நிப்பிள் கீழ்ப்பக்கமாக வந்துவிடும். காற்று மேலே தங்கும், நீங்கள் கீழே திறந்து எத்தனை முறை காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். நிப்பிள் மேலே இருக்கிறதா என்று போல்ட்டை முறுக்கும் முன் ஒருமுறை பார்த்தால் போதும். ஹோஸ் இணையும் இடத்தின் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், பழையவை கசியும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. கார்களில் பயன்படும் ஒரு வகையான டாட் 4 ஆயிலின் தர அளவு, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது, 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகும் அது 155 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. மலை இறக்கத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டு சூடேறும்போது இந்த 75 டிகிரி வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, மிதித்த பெடல் தரை வரை போகும். அந்த ஈரம்தான் பிஸ்டனையும் அதன் குழாயையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலை, பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக மற்றவற்றோடு கலக்காதீர்கள், 5.1 என்பது வேறு, அது 4ஐப் போன்ற கிளைகால் வகை.

எல்லாம் பொருத்திய பிறகு நட்டுக்கு வரும் முறை

கேபிளை முழுவதும் தளர்த்தி வைத்துக்கொண்டே காற்று எடுத்து முடியுங்கள். அதுவரை ஹேண்ட் பிரேக் லிவரைத் தொடாதீர்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கால் பிரேக்கை நிதானமாக இருபது, முப்பது முறை மிதியுங்கள். முதல் சில மிதிகள் வெறுமையாகப் போகும், அதனால்தான் மிதிக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. திருகுத் தண்டு இப்போது தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும்.

இதற்குப் பிறகுதான் நட்டு. லிவரை முழுவதும் இறக்கி, கேலிப்பர்களின் இரண்டு நெம்புகோல்களும் நிறுத்தக் கட்டையிலிருந்து எழும்பப் போகும் அந்த எல்லை வரை இறுக்கி நிறுத்துங்கள். இரண்டு கேபிள்களும் சேரும் சமன் பட்டை நேராக நிற்க வேண்டும்; சாய்ந்திருந்தால் ஒரு கேபிள் இறுகியிருக்கிறது அல்லது ஒரு பக்கம் இன்னும் சரியாகவில்லை. லிவரை இழுக்கும்போது ‘டக் டக்’ என்று ஏறும் பற்களில் எத்தனையாவது பல்லில் பிடிக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள், பல கார்களில் நான்கிலிருந்து ஏழுக்குள் இருக்கும். ஒரே பல்லில் பிடிக்கிறது என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை, அது கேபிள் இறுகியிருப்பதன் அறிகுறி.

கியரில் போட்டு நிறுத்துகிறேன், ஹேண்ட் பிரேக்கே வேண்டாம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அசையாத கேபிளும் நெம்புகோலும்தான் சீக்கிரம் துருவேறி ஒட்டுகின்றன, கடற்கரையோர ஊர்களில் இன்னும் வேகமாக. தினமும் போட்டு எடுங்கள். மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போவதானால் மட்டும், சமதளத்தில் கியரும் கட்டையும் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட்டுவையுங்கள்.

வேலை முடிந்ததும் பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தி 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின்சக்கரங்களின் வெப்பத்தையும் தூரத்திலிருந்தே அளக்கும் தெர்மாமீட்டரால் பாருங்கள். நெற்றியில் காட்டும் காய்ச்சல் கருவி இதற்கு உதவாது, டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் வேலை சரி. ஒரு பக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் நட்டை விட்டுவிட்டு, மறுபடி அந்தச் சக்கரத்தைத் தூக்கி, கேபிளைக் கழற்றும் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.