முதல் பிஸ்டல் போட்டி: சுடத் தொடங்கும் முன்பே தோற்றுப்போகாதீர்கள்

வன்னியில் துவக்குச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் முதல் தவறு போட்டித் திடலுக்கு வெளியேதான் நடக்கிறது: வீட்டு வளவுக்குள் நின்று பிஸ்டல் பிடித்துப் பழகுவது. கையில் இருப்பது வெறும் விளையாட்டுப் பொருளாகவே இருக்கட்டும், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அனுமதி உள்ள றேஞ்சில் (சுடுபயிற்சித் திடலில்), பயிற்றுநரின் கண்முன்னால் மட்டும் பழகுங்கள். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) என்கிற அமைப்பின் போட்டி முறை 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உருவானது. ஒரே இடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கிற போட்டி அல்ல இது. ஓடவேண்டும், மறைப்புக்குப் பின்னால் இருந்து எட்டிச் சுடவேண்டும், இரும்புத் தகடுகளை விழுத்தவேண்டும், ஓட்டத்திலேயே மகசின் (ரவை அடுக்கிய கூடு) மாற்றவேண்டும். புதிதாக வருகிறவர்கள் குறி தவறும் என்றுதான் பயப்படுகிறார்கள். ஆனால் அவர்களை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் குறி அல்ல, கை தன்பாட்டில் செய்கிற வேலை.

எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரிந்தது வயலில் பன்றி கலைக்கிற துவக்கு. அதைத் தூக்கித் திரிந்தவர்களில் சிலருக்கு நடக்கும்போதே விரல் விசையில் போய் இருந்துவிடும். போட்டியில் ஓடும்போதோ மகசின் மாற்றும்போதோ விரல் விசைக்கூட்டுக்குள் (விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்) தெரிந்தால் அன்றைய போட்டி முழுவதும் முடிந்தது. குழல்வாயும் அப்படித்தான். முன்னால் உள்ள மண்மேட்டின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 90 பாகைக்குள் அது நிற்கவேண்டும். வலக்கைக்காரர்கள் மிகவும் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: இடப்பக்கமாக ஓடிக்கொண்டு மகசின் மாற்றும்போது உடம்பு திரும்ப, குழல்வாயும் தானாகப் பின்பக்கம் போய்விடும். இதை ரவை இல்லாமல், மெதுவாக நடந்து, பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்கப் பழகுங்கள்.

அடுத்தது ஹொல்ஸ்டர், அதாவது இடுப்பில் பிஸ்டல் செருகும் உறை. போட்டியை நடத்துகிற றேஞ்ச் அதிகாரி சொல்லாமல் அதிலிருந்து பிஸ்டலை எடுக்கக்கூடாது. துடைக்கவோ சரிபார்க்கவோ வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய பாதுகாப்பு இடத்துக்குப் போகவேண்டும். அங்கே ரவையைத் தொடக்கூடாது, பயிற்சிக்கான போலி ரவையைக்கூட. உங்கள் முறை வராத நேரத்தில் பிஸ்டல் கீழே விழுந்துவிட்டால், குனியாதீர்கள்! வெற்றுப் பிஸ்டல் விழுந்ததற்காக மட்டும் உங்களை வெளியேற்றமாட்டார்கள். நீங்களே எடுத்தால் வெளியேற்றுவார்கள். அப்படியே நின்று அதிகாரியைக் கூப்பிடுங்கள், அவர் எடுத்துப் பார்த்துத் தருவார்.

கட்டளைகளைக் காதுக்குப் பழக்குவதும் முக்கியம். 'லோட் அண்ட் மேக் ரெடி' (ரவை போட்டுத் தயாராகுங்கள்), 'ஆர் யூ ரெடி' (தயாரா), 'ஸ்டாண்ட்பை' (இதோ தொடங்கப்போகிறது), பிறகு தொடங்கச் சொல்லும் பீப் சத்தம். காதுக்கவசம் போட்டுக்கொண்டு, வேகமாகச் சொல்கிற ஆங்கிலத்தைப் பிடிக்க முதல் நாளில் தடுமாறும். விளங்காவிட்டால் இன்னொருமுறை கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. 'ஸ்டாப்' என்று கேட்டால் மட்டும் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள்.

சரி, புள்ளிக்கு வருவோம். வேகமாகச் சுட்டால் வெல்லலாம் என்ற எண்ணம்தான் பெரிய ஏமாற்று. எடுத்த புள்ளியைச் செக்கனால் வகுத்துத்தான் கணக்கு. ஆறு கடதாசி இலக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு என்று 12 ரவை வைத்துக்கொள்வோம். சாதாரண 9 மில்லிமீற்றர் ரவைக்கு இலக்கின் நடுவிலுள்ள 'ஏ' பகுதி 5 புள்ளி, அதைச் சுற்றியுள்ள 'சி' பகுதி 3. ஒருவர் 10 செக்கனில் எட்டு ஏ, நான்கு சி அடிக்கிறார்: 52 புள்ளி, வகுத்தால் 5.2. மற்றவர் 8 செக்கனில் முடிக்கிறார், ஏழு ஏ, மூன்று சி, இரண்டு தவறல். 44 புள்ளியில் தவறலுக்குப் பத்துப் பத்தாக 20 போய் 24தான் மிச்சம். வகுத்தால் 3. இரண்டு செக்கன் முந்தியும் பிந்திவிட்டார். அதனால் சந்தேகமாக இருந்தால் இன்னொன்று சுடுங்கள். போட்டியின் பெரும்பாலான கட்டங்களில் (தனித்தனிச் சுற்றுகளில்) கூடுதல் ரவைக்குத் தடை இல்லை, நல்ல இரண்டைத்தான் எண்ணுவார்கள். சுடக்கூடாத இலக்கில் பட்டால் அதற்கும் பத்துக் கழியும்.

சுடுமுன் கட்டத்தைச் சுற்றிப் பார்க்கத் தருகிற சில நிமிடங்களைக் கதையில் போக்காதீர்கள். எந்த இடத்திலிருந்து எத்தனை இலக்கு தெரிகிறது, எந்த அடியில் மகசின் மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டு, கண்ணை மூடி ஒருதரம் மனதில் ஓடிப் பாருங்கள்.

மணலில் விழுந்த மகசினை உதறிவிட்டு அப்படியே திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. முல்லைத்தீவுக் கரை மணலில் பழகியவர்களுக்கு அது எப்படிச் சிக்கும் என்று தெரியும். கழற்றி, உள்ளே தூரிகை விட்டு, சுருளையும் துடையுங்கள். இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து இறங்கியவுடன் சுடுவதும் வேண்டாம். முடிந்தால் ஒருநாள் முந்தியே போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள்.

சுட்டு முடிந்து 'றேஞ்ச் இஸ் கிளியர்' (திடலுக்குள் போகலாம்) என்று அதிகாரி சொன்ன பிறகு, புள்ளி எடுக்கிற அதிகாரியின் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு துளையையும் நீங்களும் பாருங்கள். இலக்கைத் தொடவேண்டாம். ஒரு துளை பகுதிகளைப் பிரிக்கிற கோட்டைத் தொட்டதா இல்லையா என்று ஐயம் வந்தால் அந்த இடத்திலேயே மரியாதையாகக் கேளுங்கள். அடுத்தவருக்காகத் துளையை மூடி ஒட்டுத்தாள் ஒட்டியபின் யாராலும் எதையும் பார்க்கமுடியாது.