இரட்டை அடுப்பு வாங்குமுன்: காட்டில் கறி காய்ச்சப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் மே மாதம் வரும் விக்டோரியா நாள் விடுமுறை நெருங்கினால் ரொறன்ரோ கடைகளில் முகாம் சாமான்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். கூடாரங்களுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் பக்கத்தில், சூட்கேஸ் போல மூடித் தூக்கிச் செல்லும் இரட்டைப் புரோப்பேன் அடுப்புகள் இருக்கும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ஓர் எண். நம்மில் பலர் அந்த எண்ணைப் பார்த்தே அடுப்பு வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒன்ராறியோவின் அல்கொன்குயின் காட்டுப் பூங்காவில் முதல் இரவு பன்னிரண்டு பேருக்கு வைத்த சோறு அடியில் கரி, மேலே அரிசி.

பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. அடுப்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடியூ தரும் என்பதே அந்த எண். சில பெட்டிகளில் ஓர் அடுப்புவாய்க்கான எண் இருக்கும். சிலவற்றில் இரண்டையும் கூட்டிப் போட்டிருப்பார்கள். கோல்மன் கிளாசிக் அடுப்பின் 20,000 இரண்டு வாய்க்கும் சேர்த்து. காம்ப் செஃப் எவரெஸ்ட் 2எக்ஸின் 20,000 ஒவ்வொரு வாய்க்கும். எண் ஒன்று, பொருள் வேறு. ஒரு வாய்க்கு 10,000 என்பதே குறைவில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 320 பிடியூ தேவை. பாதி வெப்பம் வீணானாலும் நான்கு நிமிடத்தில் தேத்தண்ணீருக்குத் தயார்.

நம் சமையலுக்குத் தடையாவது பெரிய தீ போதாமை அல்ல, சிறிய தீ இல்லாமை. முட்டையும் இறைச்சித் துண்டும் பொரிக்கிறவருக்குக் கொழுந்து விட்டெரியும் நெருப்பே போதும். சோறு புழுங்கவும், பருப்பு அவியவும், தேங்காய்ப்பால் விட்ட சொதி திரையாமல் சூடேறவும் அணையாத சின்னத் தீ வேண்டும். மலிவான அடுப்புகள் பலவற்றில் குமிழைச் சற்றுக் குறைத்தால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். கடையில் பற்றவைத்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் குமிழைத் திருப்பிப் பார்க்கலாம். முழுத் தீயிலிருந்து மூடும் வரை அது எவ்வளவு தூரம் சுற்றுகிறது? கால் சுற்றில் மூடிவிடுகிறதென்றால் எனக்கு வேண்டாம். வாங்கியபின் பின்வளவில் வைத்து அரைச்சுண்டு அரிசி வடித்துப் பாருங்கள். சரிவராவிட்டால் ரசீது இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், பானைக்கு அடியில் ஒரு கனத்த தோசைக்கல்லை வையுங்கள். வெப்பம் பரவும், அடிப்பிடிப்பது குறையும்.

அதே தோசைக்கல்லை இரண்டு வாயையும் மூடும் அளவில் வாங்கிப் போடுவது இன்னொரு தவறு. மேலே போக வழியில்லாத சூடு பக்கவாட்டிலும் கீழேயும் திரும்பும். குமிழும் வால்வும், வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் அங்கேதான் இருக்கின்றன. காற்றடிக்கிறதே என்று அடுப்பைச் சுற்றி ஈயத்தாள் கட்டி, சிலிண்டரையும் உள்ளே அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் தவறு அல்ல, ஆபத்து.

காற்று உண்மையான எதிரிதான். ஏரிக்கரையில் மாலைக் காற்று எழுந்தால் 10,000 என்ன, 20,000 என்ன. பின்மூடியும் இரு பக்கத் தட்டுகளும் நெருப்பை மறைக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே நம்முடைய சட்டி ஒரு சிக்கலைக் கிளப்பும். அகன்ற வாயும் இரு காதுகளும் உள்ள பானையை வைத்ததும் பக்கத்தட்டு இடிக்கும். அதை மடக்கினால் காற்று உள்ளே வரும். எனவே கடைக்குப் போகும்போது உங்கள் பெரிய சட்டியையும் கொண்டு போங்கள். விற்பவர் பார்க்கட்டும், வெட்கம் வேண்டாம். வெட்கமென்றால் அளவு நாடாவாவது போதும். இரு வாய்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 28 செ.மீ. என்றால், 30 செ.மீ. அகலச் சட்டிக்குப் பக்கத்தில் 26 செ.மீ.க்கு மேல் எதுவும் நிற்காது. பன்னிரண்டு பேருக்குக் கறி காய்ச்சுவதென்றால் இந்தச் சூட்கேஸ் அடுப்பே வேண்டாம் என்பேன். அதன் மெல்லிய கம்பித்தட்டு பத்துக் கிலோ பாரத்துக்குச் செய்ததல்ல. தரையில் நிற்கும் கால்கள் கொண்ட அடுப்புகள் இருக்கின்றன. அவை நம் சனத்துக்கு.

எரிவாயுக் கணக்கை வீட்டிலேயே போடுங்கள். ஒரு இறாத்தல் பச்சைச் சிலிண்டரில் சுமார் 21,000 பிடியூ வெப்பம் இருக்கிறது. இரண்டு 10,000 வாய்களும் முழுத் தீயில் எரிந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு 20,000 வாய்கள் அரை மணி நேரத்தில் குடித்துவிடும். இந்தச் சிலிண்டர்கள் மீண்டும் நிரப்புவதற்காகச் செய்தவை அல்ல. வெறுமையானவை குப்பையாகக் குவிகின்றன. மீண்டும் நிரப்ப முடியாதவற்றின் விற்பனையைக் கலிபோர்னியா 2028 முதல் தடைசெய்து சட்டம் இயற்றியிருக்கிறது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு 20 இறாத்தல் சிலிண்டரே நல்லது. காரில் அதை நிமிர்த்திக் கட்டுங்கள், யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும்.

பெரிய சிலிண்டருக்குக் குழாய் வாங்கும்போது என் மைத்துனர் ஒரு பாடம் படித்தார். பார்பிக்யூவுக்கான, ரெகுலேட்டர் பொருத்திய குழாயை வாங்கி வந்துவிட்டார். அவருடைய அடுப்பில் ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டர் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைக் குறைக்க, மெழுகுவர்த்திபோல ஒரு தீ. “அடுப்பு பழுது” என்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பில் ரெகுலேட்டர் இருந்தால் உயர் அழுத்தக் குழாய் மட்டும் போதும். இல்லாத அடுப்பை வெறும் குழாயால் நேரே சிலிண்டரில் மாட்டவே கூடாது. எதை மாட்டினாலும் இணைப்பில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் கசிகிறது.

மலிவு என்று பியூட்டேன் அடுப்பின் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 0.5 பாகை, புரோப்பேனுக்கு மைனஸ் 42. மே மாத விடியற்காலையில் அல்கொன்குயினில் உறைபனி விழுவதுண்டு. அந்தக் குளிரில் பியூட்டேன் வாயுவாக மாறாது. அந்நேரம் தேத்தண்ணீர் கேட்டால் அது எழும்பாது.

பொத்தானை அழுத்திப் பற்றவைக்கும் வசதிக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், அது ஈரத்தில் கைவிடும். ஒரு லைட்டர் போதும்.

மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகாதீர்கள். அதன் முகப்புக்குள்ளும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலி என்று படுப்பவர் எழுந்திருக்காமலே போகலாம். மரங்களுக்கிடையே உயரமாகத் தார்ப்பாய் கட்டி, நான்கு பக்கமும் திறந்த இடத்தில் சமையுங்கள், அல்லது பாணையும் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டுப் படுங்கள்.

கடைசியாக, அடியில் உள்ள தட்டு கழற்றக்கூடியதா என்று பாருங்கள். பொங்கி வழிந்த கறி அங்கேதான் சேரும். கரடிகள் நடமாடும் காட்டில் இரவு அடுப்பைக் கழுவித் துடைத்துக் காருக்குள் பூட்ட வேண்டும். கழுவாமல் பூட்டினால் கரடி வராமல் போகலாம். ஆனால் கோழிக்கறி வாசம் ஆவணி வரை காரை விட்டுப் போகாது.